கனடா பிஆர்: கணக்கில் வரும் நாட்களும் வராத நாட்களும்

கனடாவில் நிரந்தர வசிப்புரிமை வாங்கிவிட்டு ஊரில் நீண்ட நாள் தங்க நேர்ந்தவர்கள் முதலில் எடுத்துப் பார்ப்பது பிஆர் கார்டில் உள்ள காலாவதித் தேதியைத்தான். அதற்குள் விமானம் ஏறிவிட்டால் சிக்கல் இல்லை என்று ஒரு சாரார் நம்புகிறார்கள். தேதி தாண்டிவிட்டது, இனி எல்லாம் முடிந்தது என்று இன்னொரு சாரார் ஓய்ந்துவிடுகிறார்கள். சட்டப்படி இரண்டும் தவறு. கார்டு செல்லுபடியாகும் காலத்திலேயே ஒருவருடைய உரிமை பறிபோகும் நிலையில் இருக்கலாம். கார்டு காலாவதியாகிப் பத்து ஆண்டு ஆனவரும் முழு உரிமையோடு டொரண்டோவில் வாழ்ந்துகொண்டிருக்கலாம். கார்டு அந்த உரிமைக்கான அத்தாட்சி மட்டுமே. உரிமை நிலைப்பது கனடா மண்ணில் எத்தனை நாள் இருந்தோம் என்ற கணக்கைப் பொறுத்தது. அந்தக் கணக்கை நம்மிடம் எங்கே வைத்து, எப்போது கேட்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. இந்தப் பின்பகுதியைத்தான் நம்மவர்கள் போதிய அளவு பேசுவதில்லை.

இந்தக் கேள்வி தமிழர்களிடையே இரண்டு வகையினரைத் தொடுகிறது. 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பிப் போன இலங்கைத் தமிழர்களும், அவர்கள் பின்னாளில் ஸ்பான்சர் செய்து அழைத்த பெற்றோரும் ஒரு பக்கம். 2015 ஜனவரியில் தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாகப் போன சென்னை, கோவை ஐடி ஊழியர்கள் மறுபக்கம். இவர்களில் பலர் செய்வது ‘சாஃப்ட் லேண்டிங்’. விசா காலம் முடிவதற்குள் ஒருமுறை போய் இறங்குவார்கள். சமூகக் காப்பீட்டு எண்ணும் வங்கிக் கணக்கும் எடுத்துக்கொண்டு, கார்டு வந்து சேர நண்பர் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு, ஊரில் மிச்சமிருக்கும் வேலையை முடிக்கத் திரும்பிவிடுவார்கள். அப்பாவின் அறுவைச் சிகிச்சை, தங்கை கல்யாணம், கம்பெனியின் நோட்டீஸ் பீரியட் என்று நாள் ஓடும். இறங்கிய அன்றே கணக்கு தொடங்கிவிட்டது என்பது பிறகுதான் உறைக்கும்.

1978-இல் நடைமுறைக்கு வந்த பழைய குடிவரவுச் சட்டம் மனத்தைப் பார்த்தது. கனடாவை நிரந்தர வசிப்பிடமாகக் கொள்வதைக் கைவிடும் எண்ணத்தோடு வெளியேறியவர் உரிமையை இழப்பார். பன்னிரண்டு மாதத்தில் 183 நாளுக்கு மேல் வெளியே இருந்தவர் அதைக் கைவிட்டதாகவே கொள்ளப்படுவார். அப்படி இல்லை என்று காட்டுவது அவர் பொறுப்பு. நீண்ட பயணம் போகிறவர்கள், திரும்பி வருவதற்கான அனுமதிப் பத்திரத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டார்கள். 2002 ஜூன் 28-இல் நடைமுறைக்கு வந்த குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம் இந்த முறையைத் தூக்கிவிட்டது. மனத்தை அளப்பதை விட்டு நாளை எண்ணத் தொடங்கியது. அதன் 28-ஆம் பிரிவு கேட்பது ஒன்றுதான்: ஒவ்வொரு ஐந்தாண்டுக் காலத்திலும் குறைந்தது 730 நாள். தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. ஏன் போனீர்கள் என்ற கேள்வியும் இல்லை. ஐந்தில் மூன்று ஆண்டு முழுக்க வெளியே இருக்கலாம். உலகின் பிற வசிப்புரிமைச் சட்டங்களோடு வைத்துப் பார்த்தால் இது தாராளமான ஏற்பாடு. அதிகாரியின் மனப்போக்கை நம்பி நிற்பதைவிட எண்ணிக்கையை நம்பி நிற்பது குடியேறியவருக்கு நல்லது என்பதே என் கருத்தும்.

எந்த ஐந்தாண்டு என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். கார்டில் உள்ள ஐந்தாண்டு அல்ல. பிஆர் கிடைத்து ஐந்தாண்டு ஆகாதவரிடம், முதல் ஐந்தாண்டு முடிவதற்குள் 730 நாளை எட்ட முடியுமா என்று பார்ப்பார்கள். ஐந்தாண்டு தாண்டியவரிடம், கேள்வி கேட்கும் நாளிலிருந்து பின்னோக்கி ஐந்தாண்டை எண்ணுவார்கள். அதற்கு முந்தைய காலத்தில் இருபது ஆண்டு அங்கேயே வாழ்ந்து வரி கட்டியிருந்தாலும் இந்தக் கணக்கில் அது ஒரு நாள்கூடச் சேராது.

ஓர் உதாரணத்தைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 2019 ஜூன் 1 அன்று டொரண்டோவில் இறங்கி 14 நாள் இருந்துவிட்டுச் சென்னை திரும்புகிறார். அடுத்த ஆண்டு கொரோனா வருகிறது. 2021 ஏப்ரல் 22 முதல் செப்டம்பர் கடைசி வரை இந்தியாவிலிருந்து வரும் நேரடி விமானங்களைக் கனடா நிறுத்தி வைக்கிறது. அவர் ஒருவழியாக 2022 ஜூலை 1 அன்று நிரந்தரமாகப் போய்ச் சேருகிறார். முதல் ஐந்தாண்டு 2024 மே 31-இல் முடிகிறது. அதுவரை ஒரு நாள்கூட வெளியேறாமல் இருந்தாலும் 701 நாள்தான் வரும். பழைய 14-ஐச் சேர்த்தால் 715. பதினைந்து நாள் குறைகிறது. விமான நிலையத்தில் அதிகாரி இந்தக் கணக்கை 2022-இல் அவர் வந்திறங்கிய அன்றே போட்டுவிட முடியும். போடாமல் உள்ளே விட்டுவிட்டார் என்றால் நிலைமை வேறு. 2024 ஜூன் மாதம் முதல் கணக்கு பின்னோக்கி எண்ணப்படுகிறது. பழைய 14 நாளும் ஒவ்வொன்றாகக் கழன்றுபோனாலும், 2022 ஜூலையிலிருந்து தொடர்ந்து இருந்ததே 2024 ஜூன் 29-ஆம் தேதியோடு 730 நாளாக நிறைந்துவிடுகிறது. அவர் கார்டைப் புதுப்பிக்க 2023 நவம்பரில் விண்ணப்பித்திருந்தால் நிபந்தனையை நிறைவேற்றாதவர். 2024 ஜூலையில் விண்ணப்பித்தால் எந்தக் குறையும் இல்லாதவர். ஆள் அதே ஆள்.

கார்டு முடிய ஒன்பது மாதத்துக்கும் குறைவாக இருக்கும்போது புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம் என்பது விதி. விண்ணப்பித்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நாள் போதாதவர் கனடாவை விட்டு நகராமல், கார்டு காலாவதியானாலும் பொறுத்திருந்து, 730 நாள் நிறைந்த பிறகு விண்ணப்பிப்பது முற்றிலும் சட்டபூர்வமானது. கட்டணம் 50 டாலர்தான். அவசரப்பட்டுக் கட்டுகிறவர்கள் அதோடு தங்கள் உரிமையையும் சோதனைக்கு வைக்கிறார்கள். ஆனால் இந்தக் காத்திருப்புக்கு ஒரு விலை உண்டு. அந்த இடைக்காலத்தில் ஊரில் யாருக்காவது முடியாமல் போனால், போய்ப் பார்த்துவிட்டு எளிதாகத் திரும்ப வழி இல்லை.

வெளிநாட்டில் இருந்த நாட்களும் சிலருக்குக் கணக்கில் வரும். கனடியக் குடியுரிமை உள்ள கணவன், மனைவி அல்லது வாழ்க்கைத் துணையோடு வெளியே வசித்த நாட்கள் சேரும். பிள்ளைகளுக்கு அப்படிக் குடியுரிமை உள்ள பெற்றோரோடு இருந்த நாட்கள் சேரும். கனடிய நிறுவனத்துக்கோ, மத்திய, மாகாண அரசுகளுக்கோ முழுநேரமாக வெளிநாட்டில் வேலை பார்த்த நாட்களும், அப்படி வேலை பார்க்கும் பிஆர் துணையோடு இருந்த நாட்களும் சேரும். கேட்கச் சுலபமாக இருக்கும் இந்த விலக்குகளில் வழக்குகள் மண்டிக் கிடக்கின்றன. சென்னைக் கிளையில் கனடிய கம்பெனி ஆளாகச் சேர்ந்துவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. போதாது. கனடாவிலுள்ள நிறுவனம் அவரை அந்த வெளிநாட்டுப் பணிக்கு முழுநேரமாக அனுப்பி வைத்திருக்க வேண்டும். உள்ளூரில் ஆளெடுத்து உள்ளூரிலேயே வைத்திருப்பதை ஃபெடரல் நீதிமன்றம் தொடர்ந்து ஏற்க மறுத்திருக்கிறது. வசிப்பு நிபந்தனையைத் தாண்டுவதற்காகவே பெயருக்குப் பதிவுசெய்த கம்பெனிகளை விதிமுறையே விலக்கி வைத்துவிட்டது. துணை விஷயத்திலும் யாரோடு யார் போனார்கள் என்ற தகராறு வரும். கனடாவில் வாழ்ந்த குடும்பம் குடியுரிமை உள்ள கணவரின் வேலைக்காகத் துபாய் போனால் பிரச்சினை குறைவு. மதுரையிலேயே இருந்துவிட்ட மனைவியோடு வந்து சேர்ந்துகொண்டவர் குடியுரிமை உள்ள கணவர்தான் என்றால் அதிகாரி கேள்வி எழுப்பக்கூடும்.

இந்தப் பட்டியலில் இல்லாத நாட்களைப் பார்க்க வேண்டும். கம்பெனி அனுப்பி சிங்கப்பூரில் மூன்றாண்டு இருந்தவருக்கு அத்தனை நாளும் கணக்கு. பக்கவாதத்தில் விழுந்த அம்மாவைத் தஞ்சாவூரில் மூன்றாண்டு தூக்கிக் குளிப்பாட்டியவருக்கு ஒரு நாளும் இல்லை. முதலாமவர் கனடாவின் பொருளாதாரத்துக்கு உழைத்தார், அதனால் சேர்கிறது என்று சட்டத்துக்கு நியாயம் சொல்லலாம். அந்த நியாயம் எனக்குப் போதவில்லை. குடியேறிகளை வயதான பெற்றோரிடமிருந்து பிரித்துக் கூப்பிடும் ஒரு நாடு, அந்தப் பெற்றோர் விழும் நாளையும் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

சட்டம் அதற்கு விட்டுவைத்திருப்பது ஒரு பின்கதவு. நாள் குறைந்தாலும், மனிதாபிமானக் காரணங்களை எடைபோட்டு உரிமையைத் தக்கவைக்க அதிகாரியால் முடியும். பாதிக்கப்படும் குழந்தையின் நலனை அப்போது கட்டாயம் கருத வேண்டும். எத்தனை நாள் குறைகிறது, ஏன் போனார், ஏன் தங்கினார், திரும்ப முடிந்த முதல் வாய்ப்பில் திரும்பினாரா, கனடாவில் என்ன வேர் பிடித்திருக்கிறது, உரிமை போனால் குடும்பத்துக்கு என்ன நேரும் என்பவை எடையில் ஏறும். 1985-இன் ரிபிக் வழக்கில் தொகுக்கப்பட்டு 2002-இல் சியூ வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்ற அளவுகோல்களிலிருந்து வளர்ந்த பட்டியல் இது. விசாரணையில் இது எப்படி ஒலிக்கும் என்றால்: அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது எந்தத் தேதி? அவர் இறந்தது எந்தத் தேதி? இறந்த பிறகு ஏன் பதினோரு மாதம் அங்கேயே இருந்தீர்கள்? உங்கள் தம்பி அதே ஊரில் இருந்தாரே, அவர் பார்த்துக்கொள்ளக் கூடாதா? அந்த நேரத்தில் நீங்கள் சம்பளத்துக்கு வேலை பார்த்தீர்களா? கடைசி இரண்டு கேள்விகளில்தான் உண்மையான காரணம் உள்ளவர்களும் தடுமாறுகிறார்கள். தலைமகன் இருக்கும்போது தம்பி தலையில் பாரத்தைப் போடக் கூடாது என்பது நமக்குச் சொல்லாமலே விளங்கும். விசாரிப்பவருக்கு அதைச் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும். மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, இறப்புச் சான்றிதழ், தம்பியின் வேலை எங்கே என்பதற்கான தாள், திரும்ப எடுத்து ரத்தான டிக்கெட் எல்லாம் அப்போதே சேர்த்து வைக்கப்பட வேண்டியவை.

இனி, கேள்வி எங்கே கேட்கப்படுகிறது என்பது. கார்டு செல்லுபடியாகும் காலத்தில் விமானத்தில் வந்தால் டொரண்டோ பியர்சன் விமான நிலையத்தில் கேட்கலாம். பெரும்பாலும் கேட்பதில்லை. சந்தேகம் வந்தால் உள்ளறைக்கு அனுப்புவார்கள். அங்கே பாஸ்போர்ட்டின் முத்திரைப் பக்கங்களைப் புரட்டி நாள் கணக்கைப் போடுவார்கள். குறைந்தால் அதிகாரி 44-ஆம் பிரிவின்கீழ் அறிக்கை எழுதலாம். மேலதிகாரி ஏற்றால் நாட்டை விட்டு வெளியேறும் உத்தரவு வரும். அறிக்கை எழுதிய நாளோடு எண்ணிக்கை நின்றுவிடும். பிறகு எத்தனை மாதம் கனடாவில் இருந்தாலும் அவை 730-இல் சேராது. ஆனால் அன்றைக்கே யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. உத்தரவை எதிர்த்து 30 நாளுக்குள் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அது முடியும்வரை அவர் பிஆர்தான், வேலை பார்க்கலாம், ஓராண்டுக்கான கார்டும் வாங்கலாம். நல்ல காரணம் வைத்திருப்பவர் பயப்படாமல் அந்த மேசையிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். அறிக்கை எழுதாமல் விடும் அதிகாரம் அந்த அதிகாரிக்கு உண்டு.

கார்டு காலாவதியானவரை விமானக் கம்பெனி ஏற்றாது. 2003 டிசம்பர் 31 முதல் விமானம், பஸ், ரயில், கப்பலில் திரும்புகிறவர்களுக்குக் கார்டு கட்டாயம். சொந்தக் காரில் வருகிறவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அமெரிக்க விசா கையில் இருப்பவர் நியூயார்க்குக்கோ பஃபலோவுக்கோ பறந்து, அங்கிருந்து உறவினர் காரில் பீஸ் பிரிட்ஜ் தாண்டி ஃபோர்ட் ஈரிக்கு வந்து, தான் பிஆர் என்று காட்டினால் அதிகாரி உள்ளே விட்டே ஆக வேண்டும். அறிக்கை எழுதலாம், வாசலில் தடுக்க முடியாது. உள்ளே வரும் உரிமையைச் சட்டமே கொடுத்திருக்கிறது.

அமெரிக்க விசா இல்லாதவருக்கு இருக்கும் வழி, வெளிநாட்டிலிருந்து பயண ஆவணத்துக்கு விண்ணப்பிப்பது. அங்கே நிலைமை தலைகீழ். கனடாவுக்கு வெளியே, கையில் செல்லத்தக்க அத்தாட்சி இல்லாதவர் பிஆர் இல்லாதவர் என்றே சட்டம் முதலில் கொள்கிறது. அதிகாரியை நேரில் பார்ப்பதும் இல்லை, தாள்கள்தான் பேசும். மறுத்தால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் உரிமை அதோடு போய்விடும். கடந்த 365 நாளில் ஒருமுறையாவது கனடாவில் இருந்தவர், மேல்முறையீடு நிலுவையில் இருந்தால், அதைக் காட்டிப் பயண ஆவணம் கேட்டு உள்ளே வந்து வழக்கை நடத்தலாம். அதுவும் இல்லாதவர் யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ இருந்தபடியே தூரத்திலிருந்து வாதாட வேண்டும். ஒரே அளவு நாள் குறைந்த இரண்டு பேரில், அமெரிக்க விசாவும் பஃபலோவுக்குக் கார் அனுப்ப உறவும் உள்ளவர் உள்ளே உட்கார்ந்து வழக்காடுகிறார். இல்லாதவர் வெளியே நிற்கிறார். வசதி படைத்தவருக்குச் சாய்ந்த இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் உறுத்தலாக இருக்கிறது.

நாட்களை மறைத்துவிடலாம் என்ற யோசனையை யாரேனும் சொன்னால் கேட்கவே கூடாது. நில எல்லை வழி வெளியேற்றங்கள் 2019 முதலும், விமானப் பயண வெளியேற்றங்கள் 2020 ஜூன் முதலும் கனடா எல்லைச் சேவை முகமையின் பதிவில் ஏறுகின்றன. பாஸ்போர்ட்டில் போலி முத்திரை குத்தியும் இல்லாத வேலை, வீட்டு முகவரி காட்டியும் நாட்களை உருவாக்கிக் கொடுத்த பிரிட்டிஷ் கொலம்பியா ஆலோசகர் ஒருவருக்கு 2015-இல் ஏழாண்டுச் சிறை கிடைத்தது. அவரிடம் போனவர்களும் ஒவ்வொருவராகத் தேடிப் பிடிக்கப்பட்டார்கள். பொய்த் தகவலுக்குத் தண்டனை ஐந்தாண்டு நுழைவுத் தடை. நாள் குறைந்தவரிடம் காட்டப்படும் இரக்கம் பொய் சொன்னவரிடம் காட்டப்படுவது அரிது.

இலங்கைத் தமிழர்கள் தனியே அறிய வேண்டியது ஒன்று உண்டு. அகதியாக ஏற்கப்பட்டு பிஆர் ஆனவருக்கு 730 நாள் நிறைந்திருந்தாலும் வேறொரு ஆபத்து இருக்கிறது. 2012 டிசம்பர் 15 முதல், தப்பி வந்த நாட்டின் பாதுகாப்பை ஒருவர் தானாக மீண்டும் நாடினார் என்று தீர்ப்பானால் அகதி நிலையோடு பிஆர் உரிமையும் சேர்ந்து போகும். இலங்கை பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து, அதிலேயே ஊருக்குப் போய் வந்தது அதற்குச் சான்றாக எடுக்கப்படும். மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் உரிமையும் இல்லை. ஃபெடரல் நீதிமன்றத்தின் அனுமதி பெற்றுத்தான் எதிர்க்க முடியும். 2009-இல் போர் முடிந்த பிறகு, அம்மாவின் கடைசி நாட்களுக்கு ஓடியவர்களுக்கு இப்படி ஒரு விதி இருப்பது எப்படித் தெரிந்திருக்கும்? 2022-இல் கலிண்டோ கமாயோ வழக்கில் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம், விளைவு தெரிந்து போனாரா, எதற்காகப் போனார் என்பதையெல்லாம் கருதியே முடிவெடுக்க வேண்டும் என்றது. ஓரளவு ஆறுதல். குடியுரிமை எடுத்துவிட்டால் இந்த ஆபத்து போய்விடும். பொதுவாகவே, ஐந்தாண்டில் 1,095 நாள் இருந்தவர்கள் அந்த விண்ணப்பத்தைத் தள்ளிப்போடுவதற்கு, இந்தியாவிலிருந்து போனவர்களுக்கு இந்தியக் குடியுரிமையைக் கைவிட மனமில்லை என்பதைத் தவிர நியாயமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஸ்பான்சரில் வந்த வயதான பெற்றோர் கதை வேறு. குளிர் தாங்காமல் ஊருக்கே திரும்பிவிட்டவர்கள் பேரப்பிள்ளைகளைப் பார்க்க விசிட்டர் விசா கேட்டால் கிடைக்காது. சட்டப்படி இன்னும் அவர்கள் பிஆர். உரிமையைத் தாமாக விட்டுக்கொடுத்துவிட்டு சூப்பர் விசா எடுத்தால், 2022 ஜூலை முதல் ஒருமுறைக்கு ஐந்தாண்டு வரை தங்கலாம். அங்கே குடியிருக்கும் எண்ணமே இல்லாத எழுபது வயதுக்காரருக்கு நான் இதையே சொல்வேன்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். அமெரிக்கா இன்னும் மனத்தையே பார்க்கிறது. ஓராண்டு வெளியே இருந்தால் கிரீன் கார்டைக் கொண்டு திரும்ப முடியாது. அதைத் தவிர்க்க, கிளம்பும் முன் அங்கே இருக்கும்போதே மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது இரண்டாண்டு வரை கிடைக்கும். ஓராண்டுக்கு உட்பட்டு வந்தவரையும் கைவிட்டுவிட்டதாக விமான நிலையத்தில் குற்றஞ்சாட்டலாம். உரிமையைத் துறப்பதாக எழுதிய படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. குடிவரவு நீதிபதியின் முன் அரசுதான் நிரூபிக்க வேண்டும். பிரிட்டனில் தொடர்ந்து இரண்டாண்டு வெளியே இருந்தால் காலவரையற்ற அனுமதி பொதுவாகத் தானாகவே போய்விடும். ஆஸ்திரேலியாவில் உள்ளே இருக்கும்வரை உரிமைக்கு முடிவில்லை, பயணம் செய்யும் வசதிதான் ஐந்தாண்டில் முடியும். கடந்த ஐந்தில் இரண்டாண்டு இருந்தவருக்கு அது மீண்டும் ஐந்தாண்டு கிடைக்கும். சிங்கப்பூரில் மறுநுழைவு அனுமதியின் தேதியே உயிர்நாடி.

கனடாவுக்கே திரும்புகிறேன். பெற்றோரைப் பார்த்துக்கொண்ட நாட்களைக் கணக்கில் சேர்க்க நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்ற வேண்டியதில்லை. 28-ஆம் பிரிவின் பட்டியலில் ஐந்தாவதாக ஒரு வரி இருக்கிறது: நிபந்தனையை நிறைவேற்றும் வேறு வழிகளை விதிமுறைகளால் சேர்த்துக்கொள்ளலாம். சாகும் தறுவாயில் உள்ள தாய் தந்தையரோடு இருந்த நாட்களை, மருத்துவச் சான்றோடும் ஓர் உச்சவரம்போடும், அரசு அந்த வரியின்கீழ் சேர்க்கலாம். ஓராண்டு என்று வரம்பு வைத்தால்கூட மேல்முறையீட்டுக்கு வரும் குடும்பங்களில் பலவும் அந்த வாசலுக்கே வர வேண்டியிருக்காது. டொரண்டோவிலும் பிராம்ப்டனிலும் வாக்குக் கேட்டுத் தமிழர் வீட்டுக் கதவைத் தட்டும் வேட்பாளர்களிடம், ஸ்பான்சர்ஷிப் எண்ணிக்கையோடு சேர்த்து, இதையும் கேட்கலாம்.